பழைய அரத்திலிருந்து ஒரு ஜென்னி காலிப்பர்

ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்தவர்களிடம் ‘ஜென்னி’ என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளியில் வைத்திருந்த காம்பஸ் மாதிரி இரண்டு கால்கள் கொண்ட சின்னக் கருவி இது. ஒரு காலில் ஊசி முனை, இன்னொரு காலின் நுனியில் ஒரு சின்னப் படி. படியை இரும்புப் பட்டையின் ஓரத்தில் ஒட்டவைத்து இழுத்தால், ஓரத்துக்கு இணையாக ஊசி ஒரு கோடு கீறிக்கொண்டே வரும். வேறு வேலை எதுவும் அதற்குக் கிடையாது.

அந்த ஒரு வேலைக்காக எதற்கு ஒரு கருவி என்று தோன்றலாம். புதிதாக இரும்பு வேலை பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கேலை வைத்து இந்தப் பக்கம் 12 மி.மீ.-க்கு ஒரு புள்ளி, அந்தப் பக்கம் 12 மி.மீ.-க்கு ஒரு புள்ளி வைத்து இரண்டையும் சேர்த்துக் கோடு போடுவார்கள். புள்ளி வைக்கும்போது ஒரு பிழை, ஸ்கேலைச் சேர்க்கும்போது ஒரு பிழை, கீறும்போது ஸ்கேல் நகர்ந்தால் இன்னொன்று. பத்துத் துண்டுகளுக்குக் குறியிட்டால் பத்தும் பத்து விதமாக இருக்கும். ஜென்னியில் அளவை ஒரே ஒரு தடவைதான் எடுக்கிறோம். அதற்குப் பிறகு கருவியே அந்த அளவைச் சுமந்துகொண்டு போகும். ஓரம் வளைந்திருந்தாலும் கோடும் கூடவே வளைந்து வரும், அதை ஸ்கேலால் செய்யவே முடியாது.

கடையில் வாங்கினால் இது ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆகவே காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். அறுப்பது, அராவுவது, துளை போடுவது, எஃகுக்குத் தோய்ச்சல் கொடுப்பது (சிவக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) என்று நான்கு கைவேலைகளும் இந்த ஒரே பொருளில் வந்துவிடுகின்றன. சொதப்பினாலும் நஷ்டம் ஒரு தேய்ந்த அரம்தான்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியில் மூன்று இடங்கள்தான் முக்கியம்: படி, முனை, இரண்டு கால்களையும் சேர்க்கும் பூட்டு. கால்களின் வடிவம், பளபளப்பு எல்லாம் உங்கள் ஆசைக்கு. முதல் தடவை நான் செய்தபோது கால்களை எமரி போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்குவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது. முனைக்குச் சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், மென்மையான இரும்பு) பட்டையே போதும் என்று விட்டிருந்தேன். மூன்றாவது கோட்டிலேயே முனை மழுங்கிவிட்டது. பளபளப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்

படி உள்ள காலுக்கு 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். பட்டை ஒரு சாண். இரும்புக் கடையில் ‘20-க்கு 3’ என்று கேட்டால் தருவார்கள். ஊசிக் காலுக்கு 6 அங்குலத் தட்டை அரம் ஒன்று, தேய்ந்துபோனது. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் மாதிரி பழைய இரும்பு விற்கும் இடங்களில் இப்படி அரங்கள் குவியலாகக் கிடக்கும். பக்கத்தில் லேத்துப் பட்டறை இருந்தால் அங்கே கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள்.

பூட்டுக்கு எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட் 20 மி.மீ. நீளத்தில் ஒன்று, நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது, தானாகக் கழலாது) ஒன்று, தட்டை வாசர் இரண்டு, நடுவில் வைக்க மெல்லிய ஃபைபர் வாசரோ பித்தளை வாசரோ ஒன்று.

கைக்கருவிகள்: பெஞ்சு வைஸ், அங்குலத்துக்கு 24 பல்லோ 32 பல்லோ உள்ள ஆக்ஸா (இரும்பறுக்கும் வாள்) பிளேடு, ஒரு முரட்டு அரம், ஒரு நைஸ் அரம், சின்ன முக்கோண அரம், டிரில் மெஷின், 3 மி.மீ., 6 மி.மீ. டிரில் பிட்டுகள், சென்டர் பஞ்ச் (துளை போடும் இடத்தில் குழி வைக்கும் உளி), சுத்தியல், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், ஒரு ஸ்கிரைபர் (இரும்பில் கோடு கீறும் ஊசி). ஸ்கிரைபர் இல்லையென்றால் கான்கிரீட் ஆணி ஒன்றைக் கூராகத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த ஆணி கடினமான எஃகு, இந்த வேலைக்குத் தாங்கும். தீட்டும்போது சூடேறாமல் அடிக்கடி தண்ணீரில் தொட்டுக்கொண்டால் சரி. கண்ணாடி கட்டாயம். மூக்குக்கண்ணாடியைச் சொல்லவில்லை, பக்கமும் மறைக்கிற பாதுகாப்புக் கண்ணாடி.

அரத்தை இளக்குவது

அரம் மற்ற எல்லாவற்றையும் அராவும், அதை எதுவும் அராவாது. அவ்வளவு கடினமாகத்தான் அது வருகிறது. அப்படியே வைத்து அறுக்கப் போனால் பிளேடு போய்விடும், வைஸில் வைத்துத் தட்டினால் அரமே கண்ணாடி மாதிரி உடையும். ஆகவே முதலில் அதை இளக்க வேண்டும்.

இஸ்திரிக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி கொட்டாங்கச்சிக் கரி கொஞ்சம் வாங்கி, பழைய இரும்புச் சட்டியில் மூட்டுங்கள். காற்றுக்கு விசிறி போதும். அரத்தில் இருக்கும் எண்ணெய், தூசு எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, கனலுக்கு நடுவே புதையுங்கள். முழு நீளமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். சிவந்த பிறகு சில நிமிடங்கள் அப்படியே வைத்திருந்துவிட்டு, ஒரு வாளி காய்ந்த சாம்பலுக்குள் ஆழமாகச் செருகி மூடிவிடுங்கள். இனி மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் எடுத்துப் பார்த்தால், காற்றுப்பட்டு மறுபடி கொஞ்சம் இறுகிவிடும். சாம்பல் ஈரமாக இருந்தாலும் இதே கதைதான்.

இதெல்லாம் வீட்டில் முடியாது என்றால் பக்கத்துக் கொல்லர் பட்டறைக்குப் போங்கள். “இந்த அரத்தைக் கொஞ்சம் இளக்கிக் கொடுங்கண்ணே” என்றால் போதும், அவர் உலையோரம் போட்டு வைத்துவிடுவார். நேரமிருந்தால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். சிவப்பின் நிறத்தை வைத்துச் சூட்டைக் கணிப்பதை எழுத்தில் படிப்பதைவிட உலையடியில் நின்று கற்றுக்கொள்வது எளிது.

மறுநாள் எடுத்து, நல்ல அரம் ஒன்றை அதன் விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். கடித்துப் பொடி உதிர்ந்தால் இளகிவிட்டது. வழுக்கினால் மறுபடியும் நெருப்பு.

இன்னொரு சோதனையும் உண்டு, இதைத் தவிர்க்காதீர்கள். எல்லா அரமும் உள்வரை நல்ல எஃகு என்று சொல்ல முடியாது. சில மலிவு அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினம். ஆகவே இளகிய அரத்தின் நுனியில் 20 மி.மீ. அறுத்தெடுத்து, இடுக்கியில் பிடித்து நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குங்கள். பிறகு துணியில் சுற்றி, வைஸில் பாதி பிடித்து, சுத்தியலால் ஒரு தட்டு. படக்கென்று உடைந்து, உடைந்த முகம் நைஸான சாம்பல் நிறத்தில் இருந்தால் அந்த அரம் உங்களுக்கு உதவும். வளைந்து கொடுத்தால் வேறு அரம் தேடுங்கள்.

கடைசியாக, இரண்டு முகங்களிலும் இருக்கும் பற்களை முழுக்க அராவியோ கிரைண்டரில் தேய்த்தோ எடுத்துவிடுங்கள். அழகுக்காக இல்லை. பல்லின் அடிப்பள்ளம் ஒன்று மிச்சமிருந்தாலும் பிறகு தோய்ச்சல் கொடுக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பல் போன பிறகு சுமார் 3 மி.மீ. கனம் நிற்கும்.

குறியிடுவதும் அறுப்பதும்

குறியிடும் கருவி செய்வதற்கே குறியிட வேண்டியிருக்கிறது. கோடு தெளிவாகத் தெரிய ஏதாவது பூச வேண்டும். மார்க்கர் பேனா பூசினாலே போதும். எனக்குப் பிடித்தது மயில்துத்தம். உரக்கடையில் கிடைக்கும், பயிருக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்குவார்களே, அதேதான். அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கரைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் எமரி போட்ட இரும்பில் துணியால் தடவுங்கள். இரும்பு அந்தக் கரைசலிலிருந்து செம்பை வெளியே தள்ளித் தன்மேல் போர்த்திக்கொள்ளும், சில நொடிகளில் செம்பு நிறம் ஏறிவிடும். அதன்மேல் கீறினால் வெள்ளிக்கோடு பளிச்சென்று தெரியும், கை பட்டாலும் அழியாது. இது விஷம், ஆகவே குடிக்கிற டம்ளரில் கரைக்க வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் பொருளைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறிவிடும்.

இரண்டு துண்டுகளிலும் நீளவாக்கில் சரியாக நடுவே ஒரு கோடு கீறுங்கள். இனி எல்லா அளவும் இந்த நடுக்கோட்டிலிருந்துதான். தலைப்பக்க நுனியிலிருந்து 10 மி.மீ. தள்ளி, நடுக்கோட்டின் மேல் பூட்டுத் துளைக்கான புள்ளி. அரம் 16 மி.மீ. அகலம்தான் இருக்கும், அதில் 8 மி.மீ. தள்ளினால் போதும்.

துளைப் புள்ளியிலிருந்து கீழே, எம்.எஸ். காலில் 106 மி.மீ., அரக் காலில் 103 மி.மீ. நீளம் வைத்து வெட்டுக்கோடு போடுங்கள். கடைசியில் நமக்கு வேண்டியது இரண்டிலும் 100 மி.மீ.-தான், மிச்சம் அராவுவதற்கு, எம்.எஸ். காலில் படியின் கீழ்ப்பகுதிக்கும் சேர்த்து. எம்.எஸ். காலின் நுனியில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 4 மி.மீ. வைத்து, தலையிலிருந்து அங்கே வரை இரு பக்கமும் சாய்கோடு இழுங்கள். அரக் காலில் சாய்கோடுகள் நுனியில் நடுக்கோட்டிலேயே சந்திக்கட்டும்.

அறுக்கும்போது கோட்டை ஒட்டி அறுக்காதீர்கள், வெளியே ஒரு மில்லி விட்டு அறுத்துவிட்டு மீதியை அராவி எடுங்கள். 3 மி.மீ. கனத்தில் 24 பல் பிளேடு என்றால் ஒரு நேரத்தில் மூன்று பல்தான் இரும்பில் படும். அதனால்தான் 18 பல் பிளேடை இங்கே எடுக்கக் கூடாது, பல் மாட்டிக்கொண்டு உடையும். நீளவாக்கில் அறுக்கும்போது பிளேடை ஃபிரேமில் பக்கவாட்டாகத் திருப்பி மாட்டினால் ஃபிரேம் இடிக்காது.

துளை

சென்டர் பஞ்ச்சை வைத்து ஒரு அடி. கண்ணால் பார்த்து நடுக்கோட்டில் விழுந்திருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு இன்னொரு அடி. முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ.

எம்6 போல்ட்டுக்கு வழக்கமாக 6.4, 6.6 என்று கொஞ்சம் லூசாகவே துளை போடுவார்கள். இங்கே அது வேண்டாம். போல்ட்டே பூட்டின் அச்சு என்பதால் சரியாக 6 மி.மீ.-தான். போல்ட் தண்டு 6-க்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் இருக்கும், நுழைந்துவிடும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நல்லது.

எம்.எஸ். பட்டைக்கு 6 மி.மீ. டிரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1300 சுற்று ஓடலாம். அரத் துண்டுக்கு அதில் பாதி வைத்து, எண்ணெய் விட்டுக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். இளக்கியிருந்தாலும் அது கார்பன் எஃகுதான், சூடேறினால் டிரில் முனை எரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெல்லிய பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. டிரில் மறுபக்கம் வெளியேறும் அந்த நொடியில் மாட்டிக்கொண்டு பட்டை விசிறி இறக்கை மாதிரி சுழலும். ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து கிளாம்ப் போட்டுவிடுங்கள். கையுறையும் போடாதீர்கள், டிரில் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

துளையின் இருபுறமும் பிசிறு எடுங்கள். பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையால் இரண்டு திருகு திருகினால் போதும். பிசிறு இருந்தால் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று தட்டையாக உட்காராது.

படி வெட்டுவது

இந்த வேலையின் முக்கால்வாசி மூளை இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

படியில் இரண்டு பகுதிகள். ஒன்று தோள், அது நாம் கோடு போடப்போகும் பட்டையின் மேல்முகத்தில் உட்காரும். இன்னொன்று அதற்கும் கீழே 3 மி.மீ. இறங்கும் நாக்கு, அது பட்டையின் ஓரத்தை ஒட்டிக்கொண்டு வரும். நாக்கின் உள்முகத்திலிருந்து ஊசி முனை வரை உள்ள தூரம்தான் நம் அளவு.

பலர் படியைக் காலுக்குச் செங்குத்தாக மூலைமட்டம் வைத்து வெட்டிவிடுகிறார்கள். கால்கள் மூடியிருக்கும்போது அது சரியாகத் தெரியும். ஆனால் ஜென்னியை யாரும் மூடிவைத்துக் கோடு போடுவதில்லை. விரிக்கும்போது ஒவ்வொரு காலும் வெளியே சாய்கிறது. சாய்ந்த காலில் தோள் ஒரு மூலையில் மட்டும் நிற்கும், நாக்கு ஓரத்தை விட்டு விலகி ஆடும். படியைச் சாய்த்து வெட்டுவதுதான் இதற்கு வழி. கால்களை 35 மி.மீ. விரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 10 டிகிரி சாயும், அன்றாட வேலையில் அதிகம் எடுக்கும் அளவுகள் இதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கும். ஆகவே அந்த விரிப்பில் படி நேராக நிற்கும்படி வெட்டிவிட்டால் மற்ற அளவுகளில் பிசகு கொஞ்சம்தான்.

கோணமானி தேவையில்லை. போல்ட்டைத் தற்காலிகமாக மாட்டி இரண்டு கால்களையும் இணையுங்கள். ஒவ்வொரு காலின் நடுக்கோட்டிலும் துளை மையத்திலிருந்து 100 மி.மீ.-ல் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 35 மி.மீ. வரும்படி விரித்து நட்டை இறுக்குங்கள். இப்போது இரண்டு புள்ளிகளின் மேலும் ஸ்கேலை வைத்து எம்.எஸ். காலில் ஒரு கோடு கீறினால் அது தோள். அந்தக் கோட்டுக்கு மூலைமட்டம் வைத்து, எம்.எஸ். காலின் 100 மி.மீ. புள்ளியிலிருந்து கீழ்நோக்கிக் கீறினால் அது நாக்கின் உள்முகம். ஊசிக் காலைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் சதுரத்தைத்தான் வெட்டி எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று மார்க்கரால் கட்டம் கட்டிவிடுங்கள். தப்பான பக்கத்தை வெட்டி வைத்த ஜென்னி ஒன்றும் என்னிடம் இருக்கிறது.

பிரித்து வைஸில் மாட்டி, கோட்டுக்கு வெளியே அறுத்து, சின்ன அரத்தால் கோடு வரை அராவுங்கள். தோளும் நாக்கும் சேரும் உள்மூலையில் ஆக்ஸா பிளேடால் ஒரு மில்லிக்குச் சின்ன வெட்டு கொடுங்கள். பட்டையின் மூலையில் பிசிறு இருந்தால் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும், அளவைத் தள்ளாது. நாக்கின் உள்முகத்தைத் தட்டையாக விடாமல் கனவாட்டில் லேசாக உருண்டையாக எமரி போடுங்கள். வளைந்த ஓரங்களில் ஓட்டும்போது அது சீராக வழுக்கிப் போகும். கடைசியாக நாக்கின் நீளத்தை 3 மி.மீ.-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முனைக்குத் தோய்ச்சல்

ஊசிக் காலை முதலில் நைஸ் அரத்தால் முழு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அகலத்தில் மட்டும் இல்லாமல் கனத்திலும் கடைசி 20 மி.மீ. சரிந்து முனையாக வேண்டும். துளை மையத்திலிருந்து முனை வரை 101 மி.மீ. இருக்கட்டும். அந்த ஒரு மில்லி பின்னால் தீட்டத் தீட்டக் கரையும். முனையை இப்போதே ஊசியாக்க வேண்டாம். மெல்லிய நுனி நெருப்பில் சட்டென்று வெந்துவிடும், ஒரு மி.மீ. தடிமன் விட்டுவையுங்கள்.

தோய்ச்சல் முனையில் 15 மி.மீ. அளவுக்கு மட்டும். மீதிக் கால் இளகியபடியே இருக்கட்டும், கீழே விழுந்தாலும் உடையாது. நிழலான இடத்தில் செய்யுங்கள். வெயிலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரிவதற்குள் சூடு கூடிப்போயிருக்கும். கேஸ் டார்ச்சால் முனைக்குச் சற்று மேலிருந்து காய்ச்சத் தொடங்கிக் கீழே வாருங்கள். சூடு போதுமா என்று பார்க்க ஒரு காந்தத் துண்டை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். 770 டிகிரி செல்சியஸ் வந்ததும் இரும்பைக் காந்தம் பிடிக்காது. காந்தம் விட்ட பிறகு இன்னும் ஒரு சில நொடி காய்ச்சி, நேராகச் செங்குத்தாக எண்ணெயில் முக்குங்கள். சாய்த்து முக்கினால் முனை கோணிக்கொள்ளும்.

எண்ணெய்க்குக் கடலை எண்ணெயே போதும், லேசான சூட்டில் இருந்தால் நல்லது. இரும்பு டப்பாவில் ஆழமாக ஊற்றி, பக்கத்தில் ஒரு மூடி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். தீப்பிடித்தால் மூடியால் மூடினால் அணையும், தண்ணீர் ஊற்றினால் பரவும். ஆறியதும் பழைய அரத்தால் முனையைத் தொட்டுப் பாருங்கள். வழுக்கினால் கடினமாகிவிட்டது. கடித்தால் மறுபடி காய்ச்சி இந்தத் தடவை தண்ணீரில் முக்குங்கள். தண்ணீரில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம், அதனால்தான் அதை இரண்டாவதாக வைத்தேன்.

இந்த நிலையில் முனை கண்ணாடிக்குச் சமம். பதத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். முனைப் பகுதியை எமரி போட்டுப் பளிச்சென்று ஆக்குங்கள். இந்தப் பளபளப்புக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு: நிறம் தெரிவதற்கு. முனையிலிருந்து 30 மி.மீ. மேலே சின்னச் சுடரைக் காட்டி மெதுவாகச் சூடேற்றினால், வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாகக் கிளம்பி முனையை நோக்கி நகரும். வரிசையில் முன்னால் வரும் வெளிர் வைக்கோல் மஞ்சள் முனையைத் தொட்டதும் தண்ணீரில் முக்கி நிறுத்திவிடுங்கள். அது சுமார் 220 டிகிரி. நீலம் முனைக்கு வந்துவிட்டால் 300 ஆகிவிட்டது என்று அர்த்தம், கடினம் போய்விட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் கேக் செய்யும் ஓவன் இருந்தால் 220 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்து எடுத்தாலும் இதேதான். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வையுங்கள், வீட்டில் கேட்டுவிட்டும் வையுங்கள்.

இப்போது எண்ணெய்க் கல்லில் முனையைத் தீட்டலாம். 12 முதல் 15 டிகிரி கூர், ஸ்கிரைபருக்கு உள்ளது மாதிரியேதான். கிரைண்டர் வேண்டாம், ஒரு நொடியில் நீலமாகிவிடும்.

பூட்டு

போல்ட் தலை, வாசர், எம்.எஸ். கால், நடுவில் ஃபைபர் வாசர், ஊசிக் கால், வாசர், நைலாக் நட்டு. வரிசை இதுதான். சாதா நட்டு போடாதீர்கள். காலை விரித்து மூடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, வேலையின் நடுவில் அளவு மாறிவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. நைலாக் கிடைக்காவிட்டால் இரண்டு சாதா நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டலாம்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒரு சோதனை: ஒரு காலைக் கிடைமட்டமாகப் பிடித்தால் மற்றக் கால் தன் பாரத்தால் இறங்கக் கூடாது. ஆனால் சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டினால் நகர வேண்டும்.

கால்கள் ஒன்றன்மேல் ஒன்று இருப்பதால் ஊசியும் நாக்கும் ஒரே தளத்தில் வராதே என்று சிலர் கேட்பார்கள். அந்த விலகல் ஓரத்தின் போக்கிலேயே இருக்கிறது, ஓரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பாதிப்பதில்லை. விட்டுவிடலாம்.

கோடு போடுவது

அளவு வைக்க, நாக்கை ஸ்டீல் ஸ்கேலின் நுனியில் மாட்டி, ஊசி முனையை வேண்டிய கோட்டுப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். நல்ல ஸ்கேலில் கோடுகள் செதுக்கியிருக்கும், முனை பள்ளத்தில் விழுவது விரலுக்கே தெரியும். கண்ணைவிட அந்த உணர்வு நம்பகமானது. முதலில் கையால் ஏறக்குறைய விரித்துக்கொண்டு, படி உள்ள காலின் வெளிப்பக்கம் தட்டிக் குறைப்பது, உள்பக்கம் தட்டிக் கூட்டுவது. ஊசிக் காலைத் தட்ட வேண்டாம். ஸ்கேலின் நுனி தேய்ந்திருந்தால் எல்லா அளவும் அந்தத் தேய்மானத்தோடு வரும், ஆகவே அளவெடுக்கும் ஸ்கேலை ஸ்குரூ திருகவும் பெயின்ட் டப்பா திறக்கவும் கொடுக்காதீர்கள்.

கோடு போடும் முன் பட்டையின் ஒரு ஓரத்தை நேராக அராவிப் பிசிறு எடுத்துவிடுங்கள். ஜென்னி அந்த ஓரத்தை அப்படியே நகலெடுக்கும். ஓரத்தில் மேடு இருந்தால் கோட்டிலும் மேடு இருக்கும். எந்த ஓரத்திலிருந்து எடுக்கிறோமோ அதில் மார்க்கரால் ஒரு குறி வைத்துக்கொண்டு, கடைசிவரை அதிலிருந்தே எல்லா அளவையும் எடுங்கள். பட்டை 3 மி.மீ. அல்லது அதைவிட மெல்லியதாக இருந்தால் நாக்கு மேஜையில் இடிக்கும். பட்டையை மேஜை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்துக் கீறுங்கள்.

இழுக்கும்போது கருவி ஓரத்துக்குக் குறுக்கே நேராக இருக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ திரும்பினால் கோடு ஓரத்தை நோக்கி வந்துவிடும். 40 மி.மீ. அளவில் 10 டிகிரி திரும்பினால் கோடு 39.4-ல் விழும். புதியவர்களின் கோடு நடுவில் வளைவதற்கு அநேகமாக இதுதான் காரணம். அப்புறம், ஒரே இழுப்பு. எங்கள் மாஸ்டர் இரண்டாவது தடவை கீறுவதைப் பார்த்தால் பட்டையைப் பிடுங்கி வைத்துவிடுவார். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேல் ஒருநாளும் விழாது, பிறகு எதை நம்பி அராவுவது?

வளைக்கப் போகிற இடத்தில் மட்டும் ஜென்னியால் கீறாதீர்கள். தகடு வளையும்போது கீறல் வழியே கிழியும், அலுமினியத்தில் கண்டிப்பாகக் கிழியும். அங்கே பென்சில்.

உருண்டைக் கம்பியின் மையம் கண்டுபிடிக்கவும் இதுவே போதும். கம்பியின் வெட்டுமுகத்தில் மயில்துத்தம் தடவி, ஜென்னியை ஆரத்துக்கு ஒரு மில்லி கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொண்டு, நாக்கைச் சுற்றுப்புறத்தில் நான்கு எதிரெதிர் இடங்களில் மாட்டி நான்கு சின்ன வில் கீறுங்கள். நடுவில் குட்டிச் சதுரம் மாதிரி ஒன்று கிடைக்கும். அதன் மூலைகளைக் குறுக்கே சேர்த்தால் மையம். 60 டிகிரி டாட் பஞ்ச்சால் (சென்டர் பஞ்ச் மாதிரியேதான், முனை இன்னும் கூர்) லேசாகத் தொட்டு, சரியாக இருக்கிறதென்று பார்த்த பிறகு 90 டிகிரி சென்டர் பஞ்ச்.

செய்து முடித்த ஜென்னி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெர்னியர்கூட வேண்டாம். இரு ஓரமும் நேராக அராவிய 50 மி.மீ. பட்டை ஒன்றை எடுத்து, ஜென்னியை 25-ல் வைத்து ஒரு ஓரத்திலிருந்து ஒரு கோடு, அளவை மாற்றாமல் எதிர் ஓரத்திலிருந்து ஒரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் கருவியும் கையும் சரி. இடைவெளி தெரிந்தால் பிழை அதில் பாதி. இடைவெளி நெடுக ஒரே அளவாக இருந்தால் நீங்கள் வைத்த அளவில்தான் தப்பு, லேசாகத் தட்டிச் சரிசெய்யுங்கள். ஒரு நுனியில் சேர்ந்து மறு நுனியில் பிரிந்தால் பட்டையின் ஓரங்கள் இணையாக இல்லை. நடுவில் மட்டும் பிரிந்தால் கை திரும்பியிருக்கிறது. என்னுடைய முதல் ஜென்னியில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு நெல்மணி படுத்திருக்கலாம். பூட்டை இறுக்கிவிட்டு அடுத்த பட்டையை எடுத்தேன்.